பழையாறும் புத்தனாறும்: நாஞ்சில் நாட்டுப் பாசனமும் பயிரும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குப் பாதியான தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு. மேற்கே கல்குளமும் விளவங்கோடும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் இடநாடு. நாஞ்சில் என்றால் கலப்பை. உழவை வைத்தே பெயர் பெற்ற இந்தச் சமவெளிக்குச் சொந்தமாக இருந்தது பழையாறு ஒன்றுதான். மகேந்திரகிரிச் சரிவுகளில் பிறந்து, சுருளகோடு, பூதப்பாண்டி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடல் சேரும் சிற்றாறு அது. இடநாட்டுக்கோ கோதையாறும் பரளியாறும் வாய்த்தன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு அந்த மலைகளிலேயே பொழிந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்க நெருங்க மழை குறைந்து காற்று கூடும். நெல்லுக்கு ஏற்ற சமநிலம் கிழக்கில், அதை விளைவிக்கும் தண்ணீர் மேற்கில். அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் வேலையே நாஞ்சில் நாட்டின் ஆயிரமாண்டுப் பொருளாதார வரலாறாக ஆனது.

நெல்லோடு இந்நிலத்துக்குள்ள உறவு சங்க காலத்துக்கே போகிறது. கீரைக்குச் சேர்க்கக் கொஞ்சம் அரிசி கேட்ட ஔவைக்கு யானையையே கொடுத்தனுப்பிய நாஞ்சில் வள்ளுவன் புறநானூற்றில் வருகிறான். இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய தாலமி குறிப்பிடும் ‘கொட்டியாரா’ என்ற நகரை ஆய்வாளர்கள் கோட்டாறாகக் கொள்கின்றனர். பின்னர் ஆய், பாண்டியர், சோழர், வேணாட்டரசர் என்று மாறி மாறி இந்நிலத்துக்குப் போட்டியிட்டார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் சுசீந்திரம் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் எனப்படுகிறது. பழையாற்றின் தடுப்பணை ஒன்று இன்றும் சோழன்திட்டை. அரசுகள் போனபின்னும் அவற்றின் பெயர்களைத் தடுப்பணைகளும் கால்வாய்களும் சுமந்து நிற்பது இந்த வட்டாரத்தின் தனி இயல்பு.

அவற்றுள் மிகப் பழையது பாண்டியன் கால். பொன்மனைக்கு அருகே பரளியாற்றின் குறுக்கே அணை கட்டி, அந்த நீரை மேட்டை வெட்டிக் கடத்திப் பழையாற்றுப் படுகையில் விழச் செய்த வேலை இது. மரபு இதைப் பாண்டிய மன்னன் ஒருவனுக்கு உரிமையாக்குகிறது. செய்தது எவராயினும், ஓர் ஆற்றின் நீரை நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுசென்ற இந்தத் துணிவு தென்னிந்தியப் பாசன வரலாற்றில் இப்போது பெறும் இடத்தைவிடப் பெரிய இடத்துக்கு உரியது. அதற்குப்பின் பழையாற்றில் வரிசையாகத் தடுப்பணைகள் எழுந்தன: வீரநாராயணமங்கலம், சபரி, குமரி, சோழன்திட்டை, பிள்ளைப்பெருமாள், மிஷன். ஒவ்வோர் அணையும் நீரைப் பக்கத்துக் குளங்களுக்குத் திருப்பும். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம் நிறையும். வயலில் கசிந்து வடிந்த நீரை ஆறே மறுபடி ஏற்றுக்கொண்டு கீழணைக்குக் கொண்டுசெல்லும். தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் அந்தச் சங்கிலியின் கண்ணிகள்.

தண்ணீர் உறுதியானதால் ஆண்டுக்கு இரண்டு போகம் நிலைத்தது. திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டின் மாதப் பெயர்களாலேயே அவற்றை அழைத்தார்கள். கன்னி மாதத்தில், அதாவது புரட்டாசியில், அறுவடையாவது கன்னிப்பூ. மாசியாகிய கும்பத்தில் அறுவடையாவது கும்பப்பூ. கன்னிப்பூவுக்குத் தென்மேற்குப் பருவமழையும் கும்பப்பூவுக்கு வடகிழக்குப் பருவமழையும் துணை. இரண்டு மழையும் பெறும் இந்த மாவட்டத்தின் வாய்ப்பு தமிழ்நாட்டின் பிற நெல்வெளிகளுக்கு எளிதில் அமைவதில்லை. அறுத்த கதிரைக் களத்தில் சூடடித்து நெல்லைக் கோட்டை என்னும் முகத்தல் அளவில் கணக்கிட்டார்கள். குத்தகையான பாட்டமும் கோட்டையில்தான். ஒரு குடும்பத்தின் வசதியைச் சொல்ல நிலத்தின் பரப்பைவிட, களத்துக்கு வரும் கோட்டையின் எண்ணிக்கையே எடுத்துச் சொல்லப்பட்டது.

விளைச்சல் பெருகப் பெருக அதன்மீது கண்வைத்தவர்களும் பெருகினர். நாயக்கர் படைகள் ஆரல்வாய்மொழி வழியாகத் திரும்பத் திரும்ப இறங்கின. வேணாட்டு அதிகாரிகளின் வரி ஒரு பக்கம். பிடாகை என்னும் பன்னிரண்டு ஊர்ப்பிரிவுகளாகப் பிரிந்திருந்த நாஞ்சில் நாட்டின் நாட்டார் ஊர்தோறும் கூடி, முறையற்ற வரியைக் கொடுப்பதில்லை எனத் தீர்மானங்கள் எழுதினார்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடி எடுத்திராவிட்டால் இந்த உழவர் எதிர்ப்பின் பல செய்திகள் நமக்குக் கிடைத்திரா.

1729இல் வேணாட்டில், பின்னாளின் திருவிதாங்கூரில், அரசேற்ற மார்த்தாண்ட வர்மா 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்றார். அந்த வெற்றி பெரிதும் பேசப்படுகிறது. அவர் காலத்துப் புத்தனணையும் பத்மநாபபுரம் புத்தனாறும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. புத்தன் என்றால் புதியது. பாண்டியன் அணைக்குக் கீழே பரளியாற்றில் மீண்டும் ஓர் அணை கட்டி, தலைநகரான பத்மநாபபுரத்துக்கும் அதன் சுற்றுவட்ட வயல்களுக்கும் நீர் தந்த கால்வாய் அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. கால்வாய் தன் வேலையைத் தொடர்ந்தது.

ஆங்கிலேயர் செல்வாக்கு வந்தபின் நிலவுடைமையின் அடித்தளமே மாறியது. ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 1811ஐ ஒட்டிக் கோயில் நிலங்களை அரசின் பொறுப்பில் கொண்டுவந்தார். அதுவரை சுசீந்திரம் போன்ற பெருங்கோயில்கள் நெல்லைச் சேமித்தும் கூலியாகக் கொடுத்தும் வட்டாரப் பொருளாதாரத்தின் நடுவே இருந்தன. அந்த இடத்துக்குச் சர்க்கார் வந்தது. அந்த வயல்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் அடிமைகளாக இருந்தார்கள் என்பதை மறைத்து இந்நாட்டின் செழிப்பைப் பேச முடியாது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். 1865இன் பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்தை உழுத பாட்டக்காரருக்கு விற்கவும் வாங்கவும் உரிமை தந்தது.

இக்காலத்தின் பெரும்பணி பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் ஆட்சியில் 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. கோதையாற்று மழைநீர் வீணே கடலுக்குப் போவதைத் தடுத்துத் தேக்கி, இடதுகரைக் கால்வாய் வழியாகப் பரளியாற்றில் சேர்த்து, அங்கிருந்து பழைய பாண்டியன் அணை வழியாகவே நாஞ்சில் நாட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு இது. பொறியாளர் மிஞ்சின் புதிய வழி தேடவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட பாதையின் தலைப்பில் ஒரு பெரிய தொட்டியை வைத்தார். காட்டிலும் மலையிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த அவருடைய கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. தோவாளைக் கால், அனந்தனாறு, நாஞ்சில் நாடு புத்தனாறு என்னும் கால்வாய்கள் இந்த நீரைக் கடைக்கோடி வரை எடுத்துச்சென்றன. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்ற பெயர் அப்போது முழுப்பொருள் பெற்றது.

1956 நவம்பர் 1இல் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணியின் தலைமையில் நடந்த போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூட்டில் விழுந்த உயிர்களும் அதன் விலை. சமஸ்தானத்தின் களஞ்சியம், நெல் மிகுந்த ஒரு மாநிலத்தின் தென்கோடி மாவட்டமானது. 1950களில் பெருஞ்சாணி அணை பரளியாற்றைத் தேக்கத் தொடங்கியது. பின்னர் சிற்றாறு அணைகள் வந்தன. மேற்கே பட்டணங்கால் என்னும் கால்வாயின் நீரைப் பள்ளத்தாக்குக்கு மேலே கடத்த 1960களில் எழுந்தது மாத்தூர் தொட்டிப்பாலம். 28 தூண்கள், ஏறத்தாழ 115 அடி உயரம். மேலே கான்கிரீட் தொட்டிக்குள் கால்வாய் ஓசையின்றி ஓட, கீழே பரளியாறு பாறையில் மோதிப் போகிறது. ஓர் ஆற்றின்மேல் இன்னொரு நீர் நடந்துபோகும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த மாவட்டத்தின் பாசனத்தை வேறெந்த வரைபடமும் விளக்க வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் ஜூன் முதல் பிப்ரவரி முடிய அணைகளைத் திறப்பது வழக்கம். முழு நீர்மட்ட அளவுகளான பேச்சிப்பாறையின் 48 அடியும் பெருஞ்சாணியின் 77 அடியும் நாகர்கோவில் நாளிதழ் வாசகர்களுக்கு மனப்பாடம். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8ஐயும் உள்ளூர்க் கட்டிச்சம்பாவையும் இணைத்துத் திருப்பதிசாரம் 1 என்ற ரகத்தைத் தந்தது. நீரும் விதையும் இவ்வளவு கூடிய அதே காலத்தில்தான் நெல் பின்வாங்கத் தொடங்கியது.

அதன் வேர் நிலம் கைமாறிய விதத்தில் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் மருமக்கள்வழி முறை இருந்தவரை அது பிளவுபடாமல் குடும்பத் தலைவரான காரணவர் பொறுப்பில் கிடந்தது. அதனால் மனைவி மக்கள் பட்ட பாட்டை மருமக்கள்வழி மான்மியத்தில் கவிமணி பதிவு செய்தார். 1926ஆம் ஆண்டுச் சட்டம் மக்களுக்கு வாரிசுரிமையும் குடும்பங்களுக்குப் பாகப்பிரிவினையும் கொடுத்தது. அந்த நீதி வந்தே ஆகவேண்டியது. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையிலும் வயல் துண்டுபட்டது. சில சென்ட் வயலை உழவும் அறுக்கவும் ஆகும் கூலி விளைச்சலை விழுங்கியது. மக்கள் நெருக்கமோ, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. எழுத்தறிவு நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. படித்த பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணம் வீடாயிற்று. வீட்டுக்கு மனை வயலிலிருந்து வந்தது.

மேற்கில் ரப்பர் வேறு கணக்கைக் காட்டியது. குலசேகரத்தைச் சுற்றிய மலையடிவாரம் முழுக்க மாநிலத்தின் ரப்பர் நிலமாயிற்று. 1984இல் அரசு ரப்பர் கழகம் அமைந்தது. சமவெளியிலும் வயலை மேடாக்கித் தென்னையும் வாழையும் வைத்தார்கள். ஈத்தாமொழி நெட்டைத் தென்னையும் மட்டி வாழையும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. கடலோரத்தில் மீன்பிடிப்பும் மணவாளக்குறிச்சியின் அருமணலும் தனி வரலாறு உடையவை. 1909இல் அங்கு ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டறிந்ததிலிருந்து அந்த மணல் உலகச் சந்தையோடு இணைந்துவிட்டது.

மாவட்டத்தில் நெல் பயிராகும் பரப்பு இப்போது பத்தாயிரம் ஹெக்டேருக்கும் குறைவு. நிரப்பப்பட்ட வயலுக்குக் கீழே உள்ள வயல் மறுகால் நீரை இழக்கிறது. அதன் உடையவரும் அடுத்த ஆண்டு தென்னங்கன்று வாங்குகிறார். குளங்களின் ஊடே நான்குவழிச் சாலைக்கு மண் கொட்டப்பட்டபோது ஊர்கள் எதிர்த்தது, வயலிலிருந்து வயலுக்குப் போகும் இந்த நீர்த்தொடர்பு தெரிந்ததால்தான். தோவாளைக் காலிலும் அனந்தனாற்றிலும் இன்றும் ஜூன் மாதம் தண்ணீர் வருகிறது. பல இடங்களில் அது வீடுகளின் புறக்கடையை ஒட்டி, மடை திறக்க ஆளில்லாமல் ஓடி, பழையாற்றில் விழுந்து மணக்குடிக் காயலுக்குப் போய்ச் சேர்கிறது.