இரண்டு 'பீப்' ஒலிகளின் கதை

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருப்பவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். ஒயர் முனையில் களிம்பு ஏறினால் விளக்கு விட்டு விட்டு எரியும் என்பார். உப்புக் காற்றின் வேலை அது. விளக்கின் கோளாறு கண்ணுக்குத் தெரியும். மடிக்கணினியில் செருகிய அட்டை ஒரு நேரம் தெரிந்து, மறுநேரம் தெரியாமற் போனால் குற்றவாளி யார்? அட்டையா, செருகுதுளையா, இயக்க முறைமையா?

1989இல் அமெரிக்காவில் தோன்றிய பி.சி.எம்.சி.ஐ.ஏ. என்னும் அமைப்பு, மடிக்கணினி அட்டைகளுக்குப் பொது அளவு வகுத்தது. நீளம் 85.6 மி.மீ., அகலம் 54 மி.மீ., துளைக்குள் 68 ஊசிகள். அவை ஒரே உயரம் உடையவை அல்ல. மின்சார ஊசிகள் நீளமானவை. அட்டை வந்ததை அறிவிக்கும் இரண்டு ஊசிகள் மிகக் குட்டையானவை. அவ்விரண்டும் ஒரே வரிசையின் இரு கோடிகளில் நிற்கின்றன. அட்டை சாய்ந்து நுழைந்தால் ஒன்று தொடும், மற்றது தொடாது. இரண்டும் தொட்டால்தான் "வந்துவிட்டேன்" என்று பொருள். எனவே அட்டை தெரியவில்லையென்றால் முதலில் நன்றாக அழுத்திச் செருகிப் பாருங்கள், களிம்பையும் கவனியுங்கள்.

வந்தது யார் என்று அறிவது அடுத்த வேலை. யூனிக்ஸைப் போன்ற லினக்ஸில் இதற்கான நிரல்களை 1990களில் டேவிட் ஹைண்ட்ஸ் என்பவர் எழுதினார். அவற்றுள் 'கார்டு மேனேஜர்' என்பது ஒலியால் பேசியது. உயர்ந்த ஒலி இரண்டு கேட்டால் எல்லாம் நலம். உயர்ந்ததன் பின் தாழ்ந்த ஒலி வந்தால், அட்டையை இனங்கண்டாயிற்று, இயக்க முடியவில்லை. தாழ்ந்த ஒலி ஒன்று மட்டுமெனில், இனமே தெரியவில்லை. நோயைப் பாதி சொல்லிவிடும் இயந்திரம்! இன்றைய கருவிகள் பலவற்றுக்கு இந்த நல்ல குணம் இல்லை.

ஒரு விந்தையான கோளாறும் உண்டு. நல்ல நெட்வொர்க் அட்டையைச் செருகினால், 'பெயரில்லா நினைவக அட்டை' என்று லினக்ஸ் சொல்லும். அட்டைக்குள் அதன் பிறப்புச் சான்றிதழ் போன்ற ஒரு தகவல் பட்டியல் இருக்கிறது. அதைப் படிக்க நினைவக முகவரியில் ஒரு காலி இடம் தேவை. லினக்ஸ் ஊகித்த இடத்தில் வேறொரு கருவி ஏற்கெனவே குடியிருந்தால், படிப்பதெல்லாம் உளறலாகும். அட்டை பழுதென்று தூக்கி எறிந்தவர்கள் இருப்பார்கள்; பாவம், அமைப்புக் கோப்பில் முகவரி எல்லையை மாற்றி எழுதியிருந்தால் போதும்.

2005இல் வெளியான 2.6.13 கெர்னல் முதல் கார்டு மேனேஜருக்கு வேலை இல்லாமற் போயிற்று. துளைகளும் மெல்ல மறைந்தன. ஆனால் குட்டை ஊசித் தந்திரம் மறையவில்லை. பென் டிரைவின் பழைய அகலமான யு.எஸ்.பி. முனையை உற்றுப் பாருங்கள். ஓரத்துத் தகடுகள் இரண்டும் நீளம், மின்சாரத்துக்கு. நடுவில் உள்ளவை குட்டை, தகவலுக்கு.