ஒளித்து வைத்த ஆயுதமா?

1918 அக்டோபரில் நியூயார்க் சதுரங்கப் போட்டியில் கபபிளாங்காவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய பிராங்க் மார்ஷல், ரூய் லோபஸ் திறப்பின் எட்டாவது நகர்த்தலில் ராணியின் முன்னிருந்த காலாளை இரண்டு கட்டம் தள்ளினார். மையக் காலாள் ஒன்றைப் பலிகொடுத்து எதிரி ராஜாவைத் தாக்கும் திட்டம் அது. கபபிளாங்காவுக்கு எதிரான 1909 தொடரில் ஒரே வெற்றிக்கு எட்டுத் தோல்விகள் கண்ட மார்ஷல், பழிதீர்க்க ஒன்பது ஆண்டுகள் அதை மறைத்து வைத்திருந்தார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. அழகான கதைதான்; சான்றுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் இருவரும் பலமுறை மோதினார்கள். தவிர, 1917-லேயே வால்டர் ஃபிரேருக்கு எதிராக மார்ஷல் அதே காலாளைத் தள்ளியிருக்கிறார். ஊரறிய ஆடிய நகர்த்தலை எப்படி ரகசியம் என்பது?

முன்தயாரிப்பில் விழுகிறோம் என்று தெரிந்தே பலியை ஏற்றதாகக் கபபிளாங்காவே எழுதினாரே என்று கேட்கலாம். அது தயாரிப்புக்குச் சான்று; ஒன்பது ஆண்டுக்கு அல்ல. வலுவான மறுப்பு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பதினோராவது நகர்த்தலில் மார்ஷல் குதிரையைப் பின்னிழுத்தார். அந்தக் குதிரையைக் காலாளால் தாங்குவதே சிறந்தது என்று பின்னால் தெளிந்தது. ஒன்பது ஆண்டுகள் பட்டை தீட்டியவர் இதைத் தவறவிட்டிருப்பாரா? கபபிளாங்கா பலகையிலேயே கணக்கிட்டுத் தாக்குதலை முறியடித்து, 36 நகர்த்தல்களில் வென்றார். ஆனாலும் தோற்றவர் பெயரையே அந்தத் திறப்பு ‘மார்ஷல் தாக்குதல்’ என்று சுமக்கிறது. உலகப் பட்டத்துக்கான போட்டியாளரைத் தேர்ந்தெடுக்கும் 1965 கேண்டிடேட்ஸ் தொடரின் இறுதியில் தாலுக்கு எதிராக ஸ்பாஸ்கி நம்பி எடுத்தது, திருத்தப்பட்ட அந்தத் தாக்குதலைத்தான்.