பெயர், முகவரி, பொறி: இணையதளத் தடங்கல் குறைந்த வரலாறும் திருவனந்தபுரத்தின் அனுபவமும்

முன்னுரை

2018 ஆகஸ்ட் நடுவில் கேரளத்தின் ஆறுகள் கரை மீறின. மாடிகளில் சிக்கித் தவித்த பலர் கைபேசி வழியே உதவி கேட்டுப் பதிவு செய்த இடம் ‘கேரளா ரெஸ்க்யூ’ என்ற இணையதளம். திருவனந்தபுரத்தில் இயங்கும் கேரள மாநில ஐ.டி. மிஷனும் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-இன் கேரளப் பிரிவுத் தன்னார்வலர்களும் வெள்ளத்தின் நடுவே அவசர அவசரமாக எழுப்பிய தளம் அது. அந்த நாட்களில் அது பத்து நிமிடம் முடங்கியிருந்தாலும் யாரோ ஒருவரின் கூக்குரல் கரை சேராமல் போயிருக்கும்.

ஒரு தளம் முடங்காமல் நிற்பதற்கான கலை எப்படி வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். ஒவ்வோர் இணையதளத்திற்கும் மூன்று உறுப்புகள் உண்டு: மக்கள் அறிந்த பெயர், வலைப்பின்னல் அறிந்த ஐபி முகவரி, வேலை செய்யும் பொறியாகிய சர்வர். தொடக்கத்தில் இம்மூன்றும் இறுகக் கட்டப்பட்டிருந்தன. ஒன்று அசைந்தால் மூன்றும் விழும். அந்தக் கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்த வரலாறே தடங்கல் குறைந்த வரலாறு என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

பெயரும் முகவரியும் பிரிதல்

பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு ‘அஞ்சல்’ என்ற பெயரில் சொந்தத் தபால் துறை இருந்தது. வீடு மாறியவருக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டுமானால் புது விலாசம் அஞ்சல்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தின் முதல் சிக்கலும் அதுவே. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில் கணினிப் பெயர்களும் எண் முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதப்பட்டன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பராமரிக்கப்பட்ட அந்தக் கோப்பை மற்ற இடங்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக்கொண்டன. முகவரி மாறிய கணினி, புதுப் பிரதி வந்து சேரும்வரை மற்றவர்களுக்குக் காணாமற்போன கணினிதான்.

1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் இந்த முடிச்சை அவிழ்த்தது. பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் சர்வர்கள் உலகெங்கும் பரவின. கிடைத்த விடையை எத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லும் ‘டிடிஎல்’ என்ற எண்ணும் ஒவ்வொரு பதிவோடும் சேர்ந்து வந்தது. இன்றும் சர்வர் மாற்றும்போது பலர் தடுக்கி விழும் இடம் இந்த எண்தான். டிடிஎல் 86400 என்றால், சில பயனர்கள் ஒரு நாள் முழுக்கப் பழைய சர்வரின் கதவையே தட்டிக்கொண்டிருப்பார்கள். மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே அதை 300-ஆகக் குறைத்துவிட்டால், பெரும்பாலோர் ஐந்து நிமிடத்தில் புது வாசலுக்கு வந்துவிடுவார்கள். செலவே இல்லாத இந்த முன்னேற்பாடு பல மணி நேரத் தடங்கலைத் தவிர்க்கிறது.

ஒரு கட்டடத்தின் வலிமையும் எல்லையும்

பெயருக்கும் முகவரிக்கும் அடுத்து வருவது பொறி நிற்கும் கட்டடம். 1990-இல் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டம் அருகே தொடங்கப்பட்ட டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. 1995-இல் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் கேரள அரசின் தளங்களும் மின்னாளுகைச் சேவைகளும் மாநிலத் தரவு மையத்துக்கு வந்தன. அந்த மையம் இரண்டு இடங்களில் அமைந்தது: ஒன்று நகரின் நடுவே பாளையத்தில் கோ-பேங்க் டவர்ஸ் கட்டடத்தில், மற்றொன்று டெக்னோபார்க்கின் தேஜஸ்வினி கட்டடத்தில்.

இரண்டு இடம் என்பதன் பொருளைக் கணக்கு காட்டும். 99 விழுக்காடு நேரம் இயங்கும் ஒரு சர்வர் ஆண்டுக்கு ஏறத்தாழ 88 மணி நேரம் முடங்கிக் கிடக்கும். ஒன்றையொன்று சாராத இரண்டு சர்வர்கள் இருந்து, ஒன்று விழும்போது மற்றது உடனே தாங்குமானால், இரண்டும் ஒருசேர விழும் நேரம் ஆண்டுக்கு 53 நிமிடம் அளவுக்குச் சுருங்கும். இந்தக் கணக்கின் உயிர் ‘ஒன்றையொன்று சாராத’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒரே யுபிஎஸ், ஒரே ஃபைபர் இணைப்பு, ஒரே அறை என்றால் சர்வர்களைப் பத்தாக்கினாலும் பயன் சொற்பமே.

முகவரியும் பொறியும் பிரிதல்

அடுத்த முடிச்சு முகவரிக்கும் பொறிக்கும் இடையில் இருந்தது. 1998-இல் தரப்படுத்தப்பட்ட விஆர்ஆர்பி என்ற நெறிமுறை அதற்கு வழி காட்டியது. இரண்டு ரவுட்டர்கள் ஒரே மெய்நிகர் ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. முதன்மை ரவுட்டர் நொடிக்கொரு முறை ‘இருக்கிறேன்’ என்று அறிவிக்கிறது. அந்தக் குரல் ஏறத்தாழ மூன்று நொடி கேட்காவிட்டால், காத்திருக்கும் ரவுட்டர் முகவரியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. பின்னாளில் சர்வர்களும், அவற்றுக்கு வேலையைப் பங்கிடும் லோட் பேலன்சர்களும் இதே முறையைப் பின்பற்றின.

2006-இல் அமேசான் தன் ‘இசி2’ சேவையைத் தொடங்கி, சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்குத் தந்தது. 2008 மார்ச்சில் ‘எலாஸ்டிக் ஐபி’ வந்தது. ஒரு மெய்நிகர் சர்வர் பழுதானால், அதன் முகவரியைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தலாம். டிஎன்எஸ் பதிவைத் தொடவே தேவையில்லை. இதன் பயன் பார்வையாளரோடு நிற்பதில்லை. பணப் பரிவர்த்தனை நடக்கும் தளங்களில், அனுமதிக்கப்பட்ட ஐபி முகவரியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டும் ஏற்கும் வழக்கம் உண்டு. சர்வர் மாறியும் முகவரி மாறாதபோது அந்த வழி அடைபடுவதில்லை.

முகவரிப் பஞ்சம்

பொறி பெருகிய வேகத்தில் முகவரி பெருகவில்லை. ஐபி நான்காம் பதிப்பின் 32 பிட்டில் அடங்குவது சுமார் 430 கோடி முகவரிகளே. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் பங்கிடப்பட்டன. ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்து, பங்கீட்டை இறுக்கியது. இந்தியாவுக்கான முகவரிகளைப் பங்கிடும் ‘இரின்’ 2012-இல் பணி தொடங்கியது. 2024 பிப்ரவரி முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபி-4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கத் தொடங்கியது.

ஆகவே எந்த முகவரி எந்தச் சேவைக்கு, யார் பொறுப்பில் என்ற பதிவேடு இன்று கட்டாயம். தேவையற்றது என்று நினைத்து விடுவித்த முகவரி வேறொருவர் கைக்குப் போய்விடும். நம் டிஎன்எஸ் பதிவோ அதையே காட்டிக்கொண்டிருக்கும். இத்தகைய தடங்கல் பொறியின் பழுதால் வருவதில்லை, பதிவேட்டின் பழுதால் வருகிறது.

வெள்ளத்தின் பாடம்

இந்தப் பின்னணியில் 2018-ஐத் திரும்பிப் பார்க்கலாம். கேரளா ரெஸ்க்யூ தளத்தின் நிரல் பொதுவெளியில் திறந்து வைக்கப்பட்டது. ஜாங்கோ கட்டமைப்பில் எழுதப்பட்டு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடும் டாக்கர் கொள்கலன்களோடும் இயங்கும் வகையில் அது அமைந்தது. நிரல் ஓரிடம், தரவு ஓரிடம் என்று பிரிந்தபின் எந்தச் சர்வரும் தனிச் சிறப்புடையதாக இருப்பதில்லை. கூட்டம் கூடினால் இன்னொரு பிரதியை எழுப்பலாம். ஒன்று விழுந்தால் கைவிடலாம். வெள்ள நாட்களில் கணினி முன் அமர்ந்த தன்னார்வலர்களின் உழைப்புக்கு இந்தப் பிரிவினை அடித்தளம் தந்தது. வாடகைச் சர்வர்கள் வருவதற்கு முந்தைய காலமாக இருந்தால், இதே வேலைக்குச் சர்வரை வாங்கிப் பொருத்துவதற்குள் வெள்ளமே வடிந்திருக்கும்.

முடிவுரை

கட்டுகளை அவிழ்த்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தது. பராமரிப்பின்போது தரப்பட்ட ஒரு கட்டளை அதன் தரவு மையங்களை இணைக்கும் பின்னலைத் துண்டித்தது. தரவு மையங்களை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் வழித்தட அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. பொறிகள் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவற்றை அடையும் வழி எல்லாம் ஒரே புள்ளியில் மீண்டும் கட்டுண்டிருந்தது.

மக்கள் பணத்தில் இயங்கும் தளங்களை நிர்வகிப்போர் மூன்றை வழக்கமாக்க வேண்டும்: மாற்றத்துக்கு முன் டிடிஎல்லைக் குறைத்தல், முகவரிப் பதிவேட்டை நாள்தோறும் சரிபார்த்தல், மாற்றுச் சர்வருக்குத் தாவும் ஒத்திகையை அமைதியான நாளிலேயே செய்து பார்த்தல். கூட்டம் அலைமோதும் தேர்வு முடிவு நாளும் பேரிடர் நாளும் ஒத்திகைக்கு உரிய நாட்கள் அல்ல. அடுத்த பெருமழைக்கு முன் அந்த ஒத்திகை முடிந்திருக்க வேண்டும்.