மீளும் எண்ணம்: ஓர் இலத்தீன் தொடரும் தீவார் வாழ்வும்

கூட்டை விட்டுப் பறந்த புறா யாருடைய உடைமை? ரோமச் சட்டத்தார் இவ்வினாவை விளையாட்டாகக் கொள்ளவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் யுஸ்தினியன் பேரரசன் தொகுப்பித்த சட்டநூல், புறாவும் தேனீயும் போய் மீளும் பழக்கத்தைக் கைவிடாதவரை வளர்த்தவனுக்கே உரியன என்றது. அம்மீளும் எண்ணமே இலத்தீனில் ‘அனிமுஸ் ரெவர்டெண்டி’ எனப்படுவது. ஆங்கிலச் சட்டவாணர் அத்தொடரை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்தாண்டனர். பின்னர் மனிதனுக்கும் பொருத்தினர். மீளும் எண்ணத்தோடு ஊரைப் பிரிந்தவனுக்கு நிலையான வதிவிடம் மாறுவதில்லை என்பது அவர்கள் துணிபு.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் இச்சொல்லுக்கு உயிர் உண்டு. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நயினாதீவு ஆகிய ஊர்களின் ஆடவர் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து வாழ்ந்தனர். மனைவி மக்கள் ஊரில், கல்லாப்பெட்டி கொழும்பில். ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குத் தோணியேறி வருவர். தேடிய பொருளை ஊரிலே காணியாகவும் கல்வீடாகவும் ஆக்குவர். இவர் எவ்வூரார்?

வினா வீண் வினா அன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707-இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, 1806-ஆம் ஆண்டுப் பிரமாணத்தால் ஆங்கிலராட்சியிலும் சட்டமாயிற்று. அது யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார்’ குடிகளுக்கு உரியது. மலபார் என்று அக்காலத்தார் குறித்தது தமிழரையே. 1913-இல் ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் வழக்கில், தேசவழமை இனம்பற்றிய சட்டமன்று, இடம்பற்றிய சட்டமே என நீதிமன்றம் கொண்டது. ஆகவே கொழும்பில் நிலைத்துவிட்டவர் அதனின்று நீங்குவர். மீளும் எண்ணமுடையவர் நீங்கார். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, சீதனக் காணியேயாயினும், கணவனுடைய எழுத்துமூலச் சம்மதமின்றி விற்றல் இயலாது. பொதுச் சட்டத்திலோ அத்தடை இல்லை. ஒரு வியாபாரியின் உள்ளக்கிடக்கை அவன் மனைவி எழுதும் உறுதியைச் செல்லுபடியாக்கவும் கூடும், செல்லாக் காசாக்கவும் கூடும்!

புறாவின் எண்ணத்தை அது திரும்பி வருவதைக் கொண்டே அறிகின்றோம். மனிதனிடத்தும் நீதிபதி காண்பது செயலைத்தான்: வீடு எங்கே, குடும்பம் எங்கே, முதுமையில் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பனவற்றை.

1990, 1991-ஆம் ஆண்டுகளில் போரினால் இத்தீவுகளிற் பல ஊர்கள் வெறிச்சோடின. உயிருக்கு அஞ்சி ஓடியவன், ஓடிய காரணத்தால் மட்டும் வதிவிடத்தை இழந்தான் ஆகான் என்பதே ஆங்கிலச் சட்ட மரபு. ஆனால் தொறொன்ரோவிலே பிறந்து வளர்ந்த மகள், அற்றோர்ணித் தத்துவம் அனுப்பி வேலணைக் காணியை விற்க முற்படுகையில், கணவனுடைய கைச்சாத்தும் வேண்டுமோ என்று நொத்தாரிசு தயங்குகிறார். எண்ணம் தந்தையுடையது, காணி மகளுடையது.