30 நாள் கணக்கு: நியூயார்க்கில் ஒரு ராத்திரி தங்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

போன எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் எழுதியிருந்தார். மகள் நியூயார்க்கில் வேலை பார்க்கிறார், பேரக்குழந்தை பிறக்கப் போகிறது, இவரும் மனைவியும் ரெண்டு வாரம் போய் இருக்க வேண்டும். மகள் வீடு ஒரே அறை. சரி, பக்கத்துத் தெருவில் ஒரு வீடு எடுத்துக்கலாம்னு ஆப்பைத் திறந்தால், கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை. "கும்பகோணத்தில்கூட கிடைக்குது, உலகத்துலேயே பெரிய ஊர்ல ஏன் சார் கிடைக்கல?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நேரடி பதில் ரெண்டு நிமிஷத்தில் சொல்லிடலாம். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் 150 வருஷக் கதை இருக்கு. இன்றைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

முதல்ல நேரடி பதில். நியூயார்க் நகரத்தில் 2023 செப்டம்பர் 5 முதல், 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்தாக வேண்டும். பதிவுக் கட்டணம் 145 டாலர். அது பெரிய விஷயமில்லை, நிபந்தனைகள்தான் விஷயம். விருந்தாளி தங்கும் நாட்களில் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். ரெண்டு பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. உள் அறைகளுக்குப் பூட்டுப் போட்டுத் தனித்தனியாகப் பிரிக்கக் கூடாது, வந்தவர் வீடு முழுக்க நடமாட முடியணும். பதிவு எண் சரிபார்க்கப்படாத வீட்டுக்கு ஏர்பிஎன்பி மாதிரி நிறுவனங்கள் பணம் வாங்கவே கூடாது, வாங்கினால் அபராதம் அவர்களுக்கும் உண்டு.

இதை "ஏர்பிஎன்பி தடைச் சட்டம்" என்று செய்திகளில் எழுதினார்கள். அந்த நிறுவனமே இது தடைக்குச் சமம் என்று சொல்லி வழக்குப் போட்டது. 2023 ஆகஸ்டில் வழக்கு தள்ளுபடி ஆயிடுச்சு. ஆனால் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிச்சுப் பார்த்தா ஒரு வேடிக்கை தெரியும். அந்த நிபந்தனைகள் பெரும்பாலும் புதுசே இல்லை. புதுசு எதுவென்றால், அவற்றை நிஜமாகவே அமல்படுத்தும் வழி. நிபந்தனைகளின் வேர், செல்போன் இல்லை, டெலிபோன்கூட இல்லாத காலத்தில் இருக்கு.

1860 பிப்ரவரியில் மன்ஹாட்டனின் எல்ம் தெருவில் ஓர் அடுக்குக் குடியிருப்பு தீப்பிடித்தது. மேல்மாடிக்காரர்கள் இறங்க வழியில்லை. ஏறக்குறைய 20 பேர் இறந்து போனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கட்டடத்துக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு தொங்குமே, ஹாலிவுட் படத்தில் எல்லாம் திருடன் ஏறி ஓடுவானே, அந்தப் படிக்கட்டைக் கேட்கிற சட்டங்கள் இந்த மாதிரி தீ விபத்துகளுக்குப் பிறகு வந்தவைதான். 1867ல் 'டெனமெண்ட்' குடியிருப்புகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. மூணு குடும்பத்துக்கு மேல் தனித்தனியாகச் சமைத்து வாழ்ந்தால் அது டெனமெண்ட். 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது இருக்கணும் என்றது சட்டம். ஆமாம், 20 பேருக்கு ஒண்ணு. அதுவே அன்றைக்கு முன்னேற்றம்!

ஒரு சின்னக் குறிப்பு: அதே 1867ல்தான் பிரிட்டிஷ் இந்தியாவிலும் 'சராய் சட்டம்' வந்தது. வழிப்போக்கர்கள் தங்கும் சத்திரங்களை மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்யணும் என்றது அது. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் தெரியாத மனுஷர் ஒரே கூரைக்குக் கீழே தூங்குவது அரசாங்கத்துக்குக் கவலை தரும் விஷயமாக ரெண்டு ஊரிலும் ஒரே சமயத்தில் ஆகியிருக்கு பாருங்க.

சரி, நியூயார்க்குக்கு வருவோம். கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அயர்லாந்து, இத்தாலி, ரஷ்யப் பேரரசிலிருந்து யூதர்கள். ஒரு குடும்பம் ரெண்டு சின்ன அறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுக்கும். வாடகையைத் தனியாகக் கட்ட முடியாது. என்ன பண்ணுவாங்க? அதே ஊர்க்காரன் ஒருத்தனை, சமையல் கட்டில் ஒரு மூலை கொடுத்து, தங்க வைப்பாங்க. இவங்களுக்குப் பேர் 'லாட்ஜர்', சாப்பாடும் சேர்த்தால் 'போர்டர்'. துணி துவைத்து, சோறு போட்டு, வாரக் காசை வாங்கி வாடகைக் கணக்கை நேராக்குவது வீட்டுப் பெண்தான். புருஷனை இழந்த பல பெண்களுக்கு அதுவே வருமானம். யோசிச்சுப் பார்த்தா, 'வீட்டில் இருக்கிற கூடுதல் இடத்தைக் காசாக்குங்கள்' என்று 2008ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஐடியா, 1880களில் லோயர் ஈஸ்ட் சைடில் வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்தது.

இதோட அடிமட்டத்தைப் பார்த்தவர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கிலிருந்து 1870ல் வந்தவர். வேலையில்லாமல் திரிந்த நாட்களில் ஒரு ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் தூங்கப் போகிறார். அப்போதெல்லாம் நியூயார்க் போலீஸ் ஸ்டேஷன்களில் வீடில்லாதவர்கள் படுக்க ஓர் அறை உண்டு, வெறும் பலகை. தூக்கத்தில் இவருடைய தங்க லாக்கெட்டை யாரோ திருடிட்டாங்க. புகார் சொன்னவரைப் பிடித்து வெளியே தள்ளினார் போலீஸ்காரர். கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்த தெருநாய் எஜமானுக்காகப் பாய்ந்தது, அதை அடித்தே கொன்றுவிட்டார்கள். ரீஸ் பிறகு பத்திரிகையாளராகி, கிரைம் நிருபராக அதே தெருக்களில் சுற்றினார். ஃப்ளாஷ் பவுடர் என்று புதுசா வந்த பொருளைக் கொளுத்தி, இருட்டு அறைகளைப் படம் எடுத்தார். பேயார்ட் தெருவில் 13 அடிகூட நீள அகலம் இல்லாத ஓர் அறையில் 12 பேர் தூங்குவதைப் பார்த்து எழுதினார். ஒரு ராத்திரிக்கு, ஓர் ஆளுக்கு, 5 சென்ட். அவருடைய புத்தகம் 1890ல் வந்தது. அதைப் படித்துவிட்டு அவருக்கு நண்பரானவர் தியோடர் ரூஸ்வெல்ட். பின்னாளில் ஜனாதிபதி ஆனாரே, அவர்தான். நியூயார்க் போலீஸ் ஆணையராக இருந்தபோது, 1896ல், அந்த ஸ்டேஷன் அறைகளை ரூஸ்வெல்ட் மூடினார். ரீஸ் ஜெயித்துவிட்டார், நாய்க்காகவும் சேர்த்துன்னு வெச்சுக்கலாம். ஆனால் அங்கே படுத்திருந்தவர்கள் அதற்கப்புறம் எங்கே போனார்கள் என்ற கேள்வி அன்றைக்கே இருந்தது. அந்தக் கேள்வி இந்தக் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

1901ல் இன்னும் கடுமையான டெனமெண்ட் சட்டம். அதற்குப் பாடுபட்ட லாரன்ஸ் வெய்லர் போன்றவர்களுக்கு லாட்ஜர் என்றாலே ஆகாது. நெரிசல், நோய், ஒழுக்கக் கேடு எல்லாத்துக்கும் வீட்டுக்குள் வந்த அந்நியனே காரணம் என்று நினைத்தார்கள். இதில் பாதி சுகாதாரம், பாதி மேல்தட்டுக்காரர்களின் முகச்சுளிப்பு என்பது என் அபிப்பிராயம். லாட்ஜரை ஒழித்தால் அந்தப் பெண் வாடகை எப்படிக் கட்டுவாள் என்று யாரும் கணக்குப் போட்ட மாதிரி தெரியவில்லை.

1929ல் வந்ததுதான் இன்றும் நடைமுறையில் இருக்கிற மாநிலச் சட்டம், மல்டிபிள் ட்வெல்லிங் லா. இது கட்டடங்களை ரெண்டாகப் பிரித்தது. 'ஏ' வகுப்பு என்றால் நிரந்தரமாக வாழ்கிறவர்களுக்கு. 'பி' வகுப்பு என்றால் வந்து போகிறவர்களுக்கு, அதாவது ஹோட்டல், லாட்ஜிங் ஹவுஸ். பிரித்ததற்கு அடிப்படைக் காரணம் தீதான். பத்து வருஷமா குடியிருக்கிறவருக்கு இருட்டிலும் மாடிப்படி எங்கேன்னு காலுக்குத் தெரியும். நேற்று ராத்திரி வந்து இறங்கினவருக்குத் தெரியாது. அதனால் ஹோட்டலுக்கு அலாரம், வெளியேறும் வழி, இதில் எல்லாம் கெடுபிடி அதிகம். ஆனால் ஒரு விதிவிலக்கை விட்டு வைத்தார்கள். குடும்பத்தோடு குடும்பமாகத் தங்குகிற போர்டர், லாட்ஜர் இருக்கலாம். மாநிலச் சட்டம் நாலு பேர் வரை அனுமதித்தது, பிறகு வந்த நகரத்தின் வீட்டுப் பராமரிப்பு விதி ரெண்டு பேர் என்றது.

இப்போ ஆரம்பத்தில் சொன்ன நிபந்தனைகளைத் திரும்பப் பாருங்க. வீட்டுக்காரர் கூடவே இருக்கணும், ரெண்டே பேர், உள்ளே பூட்டு கூடாது. சமையல் கட்டு மூலையில் படுத்த அந்த லாட்ஜர்தான் இது! 2023ல் நியூயார்க் அனுமதித்திருப்பது ஏர்பிஎன்பி விருந்தாளியை இல்லை, 19ஆம் நூற்றாண்டு லாட்ஜரை.

நடுவில் ஒரு பெரிய விபத்து நடந்தது. பொருளாதார வீழ்ச்சி, உலகப்போர்க் காலங்களில் பெரிய வீடுகளைத் துண்டு துண்டாக்கி ஒற்றை அறைகளாக விட்டார்கள். எஸ்ஆர்ஓ என்பார்கள். தனி ஆள், பொதுக் கழிப்பறை, மலிவான வாடகை. நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைச்சுக்கோங்க. 1955ல் இனி புதிதாக எஸ்ஆர்ஓ கூடாது என்றது நகரம். அப்புறம் வரிச்சலுகை கொடுத்து, இருப்பதையும் நல்ல அபார்ட்மெண்டாக மாற்றச் சொன்னது. அறைகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மறைந்து போயின. 1980களில் தெருவில் படுப்பவர்கள் பெருகியபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

மிச்சமிருந்த எஸ்ஆர்ஓ கட்டடங்களில்தான் நம்ம கதையின் திருப்பம். 2000களில் சுற்றுலா பெருகுது. மாதம் கொஞ்சம் டாலர் தருகிற கிழவரைவிட, ராத்திரிக்கு 100 டாலர் தருகிற ஐரோப்பியப் பயணி லாபம். மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் உரிமையாளர்கள் அறைகளை ஒவ்வொன்றாக சுற்றுலாப் பயணிகளுக்குத் திருப்பினார்கள். நகரம் வழக்குப் போட்டது. 2009ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நகரம் தோற்றது. காரணம் சட்டத்தில் இருந்த ஒரே ஒரு சொற்றொடர். 'ஏ' வகுப்புக் கட்டடம் "பொதுவாக" நிரந்தரக் குடியிருப்புக்கு என்று 1929ல் எழுதி வைத்திருந்தார்கள். பொதுவாகத்தானே? அப்போ பெரும்பாலான அறைகளில் குடியிருப்பவர்கள் இருந்தால், மிச்சத்தில் பயணி தங்கினால் என்ன தப்பு?

மாநிலச் சட்டமன்றம் அந்த "பொதுவாக" என்பதை வெட்டி எறிந்தது. நிரந்தரக் குடியிருப்பு என்றால் அதே ஆளோ குடும்பமோ தொடர்ந்து 30 நாளாவது இருக்கணும் என்று வரையறுத்தது. 2010 ஜூலையில் ஆளுநர் டேவிட் பேட்டர்சன் கையெழுத்துப் போட்டார், 2011 மே முதல் அமல். ஏர்பிஎன்பி அப்போ ரெண்டு வயசுக் குழந்தை. சட்டம் குறி வைத்தது கட்டட முதலாளிகளை. மாட்டிக்கொண்டது, வாடகைக்கு இருந்துகொண்டே லீவுக்குப் போகும்போது தன் அறையை விட்ட சாதாரண ஆளும் சேர்த்து. ஈஸ்ட் வில்லேஜில் மூணு ராத்திரி தன் அறையை விட்ட ஒருவர் விவகாரத்தில் 2,400 டாலர் அபராதம் விதித்தார்கள். அறைத்தோழர் வீட்டிலேயே இருந்தார் என்பதால் 2013ல் அப்பீலில் அது ரத்தானது. திரும்பவும் அதே லாட்ஜர் விதிவிலக்கு!

அப்போ சின்ன மனுஷர்களைத்தான் வதைத்தார்களா? 2014ல் மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மன் நிறுவனத்திடமிருந்து வாங்கிய தரவுகளை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். முந்தைய நாலரை வருஷத்தில் தனி வீடாக விடப்பட்டவற்றில் 72 சதவீதம் சட்டத்தை மீறியதாகத் தெரிகிறது என்றது அறிக்கை. அதைவிட முக்கியமான எண் வேறு. வீடு விட்டவர்களில் 6 சதவீதம் பேர் மொத்த வருமானத்தில் 37 சதவீதத்தை அள்ளியிருந்தார்கள். அதில் முதலிடத்தில் இருந்தவர் கையில் 272 வீடுகள். அது யாரும் தன் கூடத்தில் காற்று மெத்தை விரித்துக் கொடுத்த கதை இல்லை, வரவேற்பாளர் இல்லாத ஹோட்டல். எனக்கு நகரத்தின் பக்கம் நியாயம் தெரிவது இந்த இடத்தில்தான்.

2016ல் விளம்பரம் செய்வதற்கே 7,500 டாலர் வரை அபராதம் வந்தது. அப்பவும் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம், புகார் வந்து, இன்ஸ்பெக்டர் போய்க் கதவைத் தட்டணும். அதனால்தான் 2022ன் 18ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டுப் பணப்பரிமாற்றத்தின் குரல்வளையைப் பிடித்தது. பதிவு எண் இல்லையா, பணம் நகராது. ஒரே மாதத்தில் குறுகிய கால வீடுகளில் பெரும்பகுதி காணாமல் போயின. பல வீடுகள் "குறைந்தது 30 நாள்" என்று போர்டை மாற்றிக்கொண்டன.

வாடகை குறைந்ததா என்றால், இல்லை. ஹோட்டல் கட்டணம் உயர்ந்தது. இந்தச் சட்டத்துக்கு ஹோட்டல் தொழிலாளர் சங்கம் பலமாக ஆதரவு கொடுத்தது, அதில் ஒளிவுமறைவு இல்லை. குவீன்ஸிலும் புரூக்ளினிலும் ரெண்டு குடும்ப வீடு வாங்கி, கீழ் வீட்டைப் பயணிகளுக்கு விட்டு வங்கித் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் ரொம்ப அடிபட்டார்கள். அவர்கள் கேட்பது: 272 வீட்டுக்காரரும் நானும் ஒண்ணா? மாநிலச் சட்டமே மூணு குடும்பமோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்குத்தானே? அவர்களுக்காக விதியைத் தளர்த்தச் சொல்லி 2024 இறுதியில் நகர மன்றத்தில் ஒரு மசோதாவும் வந்தது. எதிர்த்தவர்கள் சொன்னது, அந்தக் கீழ் வீட்டில் ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் வாழலாமே என்று. ரெண்டு பக்கமும் உண்மைதான் பேசுகிறார்கள். லாட்ஜரை வைத்து வாடகை கட்டிய அந்தப் பெண்ணையும், லாட்ஜரை வெறுத்த வெய்லரையும் நேருக்கு நேர் உட்கார வைத்தால் இதேதான் பேசியிருப்பார்கள்.

ஒண்ணு மட்டும் எனக்கு விசித்திரமாகப் படுகிறது. நம்ம பக்கம் பல சத்திரங்களில் "மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது" என்று எழுதியிருக்கும். வழிப்போக்கன் குடியேறிவிடக் கூடாது என்ற பயம். நியூயார்க்கில் 30 நாளுக்குக் குறைவாகத் தங்கக் கூடாது, குடியிருக்கிறவன் வழிப்போக்கனாகிவிடக் கூடாது என்று.

அடுத்த எபிசோடில் பார்சிலோனாவுக்குப் போகலாம். அங்கே 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கவே போவதில்லை என்று மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். அங்கே கதை தீயில் ஆரம்பிக்கவில்லை, 1992 ஒலிம்பிக்கில் ஆரம்பிக்கிறது. கேள்விகள் இருந்தா எழுதுங்க.