தன்யூப் நதியில் மூழ்கிய பாங்கோசை



ஐரோப்பிய முஸ்லிம்கள் என்றதும் நம் நினைவுக்கு வருவன ஸ்பெயினும் போஸ்னியாவும்தாம். ஹங்கேரி என்னும் பெயர் எளிதில் தோன்றுவதில்லை. ஆனால், ஒரு காலத்தில் அந்நாட்டின் தென்கிழக்குக் கோடியிலிருந்த மாவட்டம் ஒன்றில், ஆற்றின் நடுவே, துருக்கி முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சிறு தீவு ஒன்று இருந்தது. இன்று அந்த மாவட்டமும் இல்லை. அந்தத் தீவும் இல்லை.

மாவட்டத்தின் பெயர் கிராஷ்ஷோ-ஸோரேனி. 1881இல் இரு பழைய மாவட்டங்களை இணைத்து இதனை உருவாக்கினார்கள். வடக்கே மாரோஷ் ஆறும் தெற்கே தன்யூப் நதியும் எல்லைகளாக அமைய, கிழக்கே கார்ப்பாத்திய மலைகள் ஓங்கி நின்றன. பரப்பு ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர். தலைநகர் லுகோஷ். மலைகளில் இரும்பும் நிலக்கரியும் கிடைத்தன. ரெஷித்சா என்னும் ஊரில் 1771 முதல் இரும்பு உருக்கினார்கள். அக்கரியைத் தன்யூப் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்ல 1854இலேயே இருப்புப்பாதை ஓடியது.

1910ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 4,66,000. இவர்களில் நூற்றுக்கு 72 பேர் ருமேனியர். 12 பேர் ஜெர்மானியர். ஆளும் இனத்தாராகிய ஹங்கேரியரோ நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே! இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் நிகழ்ந்தவற்றில் பாதி இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இப்பகுதிக்கு உதுமானியர்கள் வந்தது பதினாறாம் நூற்றாண்டில். அண்டை நகரான தெமேஷ்வார் 1552இல் அவர்கள் வசமாயிற்று. லுகோஷ் 1658இல் கைம்மாறியது. 1718ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்நிலம் முழுவதும் ஆஸ்திரியாவுக்குச் சென்றது. 1739இல் ஓர்ஷோவா என்னும் கரையோர ஊரும், அதற்குச் சற்றுக் கீழே நதி நடுவில் கிடந்த கோட்டைத் தீவும் மீண்டும் உதுமானியரிடம் வந்தன. 1791இல் ஓர்ஷோவா ஆஸ்திரியாவுக்கே போயிற்று. தீவு மட்டும் சுல்தானிடம் தங்கியது.

அதுதான் அடா கலே. துருக்கி மொழியில் 'அடா' என்றால் தீவு. 'கலே' என்றால் கோட்டை. நம் நாட்டில் 'கிலா' என்று வழங்கும் அதே அரபுச் சொல்தான். தீவின் நீளம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே அத்திமரங்களும் ரோஜாத் தோட்டங்களும் செழித்தன. இனிப்பு வகைகளுக்கும் புகையிலைக்கும் அது பெயர்பெற்றிருந்தது.

1878இல் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. பெர்லின் மாநாட்டில் வல்லரசுகள் கூடிப் பால்கன் நிலங்களைப் பங்கிட்டன. எந்த மலை யாருக்கு, எந்தத் துறைமுகம் யாருக்கு என்றெல்லாம் எழுதியவர்கள், இந்தச் சிறு தீவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை! ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைவீரர்கள் கோட்டையில் நின்றார்கள். சட்டப்படி உரிமையாளரோ சுல்தான். நிர்வாக அதிகாரியும் காஜியும் இஸ்தான்புலிலிருந்தே நியமிக்கப்பட்டார்கள். மக்களுக்கு வரியில்லை, சுங்கமில்லை, கட்டாயப் படைச்சேவையும் இல்லை. மறதியால் விளைந்த இந்த நிம்மதி முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது.

1903இல் தீவின் பள்ளிவாசல் எழுந்தது. அவ்விடத்தில் முன்பு கிறிஸ்தவத் துறவியரின் மடம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். கைகள் மாறிய நிலத்தில் ஒரு சாராரின் நினைவு மட்டும் தங்குவதில்லை. அப்பள்ளியில் விரிப்பதற்காகச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது மாபெரும் கம்பளம் ஒன்றை அன்பளிப்பாக வழங்கினார்.

1913 மே மாதத்தில், உதுமானியர்கள் பால்கன் போரில் நிலைகுலைந்திருந்த வேளையில், ஹங்கேரி தீவைத் தன்னோடு இணைத்து, கிராஷ்ஷோ-ஸோரேனி மாவட்டத்தில் சேர்த்தது. அறுநூறு பேரைச் சற்றே தாண்டிய அச்சிற்றூரில் பெரும்பான்மையோர் துருக்கியர். 1916இல் ஹங்கேரி இஸ்லாத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. ஆனால், ஹங்கேரியின் ஆட்சியே நிலைக்கவில்லை. முதல் உலகப்போரில் அது தோற்றது. 1920ஆம் ஆண்டின் திரியானோன் உடன்படிக்கை ருமேனியர் மிகுந்த அம்மாவட்டத்தை ருமேனியாவுக்கு அளித்தது. 1923இல் லோசான் உடன்படிக்கையில் துருக்கியும் தீவின் மீதான உரிமையைக் கைவிட்டது. 1926இல் மாவட்டமே இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

சுல்தானின் குடிகள், ஹங்கேரியின் குடிகள், ருமேனியாவின் குடிகள் என மூன்று அரசுகளை ஒரே ஆயுளில் கண்ட முதியவர்கள் அங்கே இருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டை விட்டு ஓர் அடியும் நகரவில்லை. எல்லைக் கோடுகள்தாம் நகர்ந்தன.

அவர்களை நகர்த்தியது நீர். 'இரும்புக் கதவம்' எனப்படும் கணவாயில் ருமேனியாவும் யூகோஸ்லாவியாவும் சேர்ந்து மின்சாரத்திற்காக அணை கட்டின. 1964இல் பணி தொடங்கியது. 1972இல் அணை திறக்கப்பட்டது. பழைய ஓர்ஷோவா நகரம் நீரில் ஆழ்ந்தது. மேட்டில் புதிய ஊர் அமைத்துக் கொடுத்தார்கள். அடா கலே மக்களை ஷிமியான் என்னும் வேறொரு தீவில் குடியமர்த்தத் திட்டம் போட்டார்கள். கோட்டையின் கற்களில் சில அங்கே சென்றன, மக்கள் செல்லவில்லை. சிலர் துருக்கிக்குப் புறப்பட்டார்கள். சிலர் கருங்கடலோரத்தில் துருக்கியரும் தாத்தாரியரும் வாழும் தொப்ருஜாவில் குடியேறினார்கள். பள்ளிவாசலின் மினாரா வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பிறகு தன்யூப் அனைத்தையும் மூடிக்கொண்டது.

மின்சாரம் வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆயினும், ஒரு சமூகத்தையே கலைத்துவிட்டு அதன் கற்களுக்கு மட்டும் மாற்றிடம் கண்டார்களே!

கம்பளம் மட்டும் தப்பியது. நீர் ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1965இல், அதனைக் கருங்கடல் துறைமுகமான கான்ஸ்டன்சாவின் பெரிய பள்ளிவாசலுக்குக் கொண்டுசென்றார்கள். அப்பள்ளி திறக்கப்பட்டதும் 1913ஆம் ஆண்டில்தான். ஹங்கேரி தீவை எடுத்துக்கொண்ட அதே ஆண்டு.