மீசையும் ஆணையும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு முகத்தோற்றமும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியேறிய தமிழரின் பழைய நிழற்படங்களைக் காண்போர், அவற்றில் காணும் மீசையை ஆங்கிலேயரிடமிருந்து கற்ற நாகரிகம் என எளிதில் முடிவு செய்துவிடுவதுண்டு. அம்முடிவு எத்துணைப் பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் வாழ்வில் முகமயிர் வெறும் ஒப்பனையன்று. சங்க இலக்கியம் தாடியை 'அணல்' எனக் குறிக்கின்றது. மீசையை முறுக்குதல் அறைகூவலாகும். 'மீசையில் மண் ஒட்டவில்லை' என்னும் வழக்கு மானத்தை மீசையோடு பிணைக்கின்றது. மதுரைவீரன், முனீஸ்வரர் முதலிய காவல் தெய்வங்கள் பெருமீசையுடன் வடிக்கப்பெறுகின்றன. பெற்றோர் இறப்பில் மகன் மீசையை மழித்தலும் வழக்கம்.

இதனை உணராத ஓர் ஆணை பெரும் விளைவை உண்டாக்கியது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், 1805, 1806ஆம் ஆண்டுகளில் புதிய விதிகளைக் கொணர்ந்தார். அணிவகுப்பில் சமயக் குறிகளும் காதணியும் தடைசெய்யப்பட்டன. தாடையை மழித்து, மீசையை ஒரே அமைப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இந்துக்களும் முஸ்லிம்களுமான சிப்பாய்கள் இதனைத் தம் சமயத்தின்மீதான தாக்குதலாகக் கருதினர். இம்மனக்குறை, 1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சியாக வெடித்தது. அது அன்றே ஒடுக்கப்பட்டதாயினும், விதிகள் கைவிடப்பட்டன. 1807இல் கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

பிறர் மீசைக்கு அளவு வகுத்த காலத்தில் ஆங்கிலேயர் பெரும்பாலும் மழித்த முகத்தினராகவே இருந்தனர். அரை நூற்றாண்டில் நிலை தலைகீழாயிற்று. கிரிமியப் போருக்குப் (1853–1856) பின் தாடியும் மீசையும் அவர்களிடையே வீரத்தின் சின்னங்களாயின. மேலுதட்டை மழித்தல் கூடாது என்பதே பிரித்தானியப் படைவிதியாகி, 1916 வரை நீடித்தது. இம்மாற்றத்தில் இந்தியச் சிப்பாய்களின் மீசைப் பற்றுக்கும் பங்குண்டு என ஆய்வாளர் சிலர் கருதுவர். ஆகவே, யார் யாரைப் பின்பற்றினர் என்னும் வினாவுக்கு ஒருவழி விடை பொருந்தாது.

சிலாங்கூரின் நிருவாகத் தலைமையிடம் 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1882இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹம், அடர்ந்த மீசையினர் என்பதைச் சார்ஜெண்ட் 1904இல் தீட்டிய ஓவியம் காட்டும். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இருப்புப்பாதை இணைத்தது. இப்பணிகளை ஒட்டித் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் பிரிக்பீல்ட்ஸ் முதலிய இடங்களில் குடியேறினர். அலுவலகத்தில் அவர்கள் கண்டது அதிகாரியின் மீசை. தோட்டத்து எல்லையில் வழிபட்டது முனீஸ்வரரின் மீசை. தைப்பூசம் 1892 முதல் கொண்டாடப்பெற்றுவரும் பத்துமலையிலோ, மழித்தலே நேர்த்திக்கடனாகும். ஆணைக்குப் பணியாத முடி அருளுக்குக் காணிக்கையாயிற்று.

எனவே, ஒரு படத்திலுள்ள மீசையின் பொருளை மீசை மட்டும் உணர்த்தாது. அணிந்தவரின் தொழில், சமயம், வாழ்ந்த இடம் ஆகியனவும் தெரிதல் வேண்டும். படக்கூடத்திற்குச் செல்லப் பொருளுள்ளோரின் முகங்களே பெரிதும் எஞ்சியுள்ளன என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. வீடுகளில் மங்கிவரும் படங்களின் பின்புறத்தில், அவற்றில் உள்ளோரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும், முதியோர் உள்ளபோதே கேட்டெழுத மாணவரைப் பயிற்றுதல் தமிழாசிரியர் ஆற்றத்தக்க பணியாகும். பெயரிழந்த முகம் வரலாற்றுக்குச் சான்றாகாது.